புக்ஸ் அன்பேண்ட் லைப்ரரி கார்டு: பொண்ணு யூஸ் பண்றா, எங்க ரிவ்யூ

அமெரிக்கால டீன் ஏஜ் புள்ளைங்க வச்சிருக்கிற நம்ம ஆளுங்களுக்காக இத எழுதுறேன். எங்க ஏரியா ஸ்கூல் லைப்ரரில கொஞ்சம் புத்தகத்த செக் பண்றோம்னு சொல்லி எடுத்துட்டுப் போனாங்க, இன்னி வரைக்கும் திரும்ப வரல, என் பொண்ணு பாதி படிச்சிருந்த கிராஃபிக் நாவலும் அதோட போச்சு. அது எங்க ஊர்ல மட்டும் நடக்கிற விஷயம் இல்ல, 2023ல மட்டும் நாடு முழுக்க 4,240 புத்தகங்கள எடுக்கச் சொல்லி கேட்டிருக்காங்கன்னு அமெரிக்கன் லைப்ரரி அசோசியேஷன் கணக்கு சொல்லுது.

இதுக்குத்தான் நியூயார்க்ல இருக்கிற புரூக்ளின் பப்ளிக் லைப்ரரி 2022 ஏப்ரல்ல, ஆன்லைன்லயே இ-புக் எடுத்துப் படிக்கிற மாதிரி புக்ஸ் அன்பேண்ட்ங்கிற இந்த கார்ட ஆரம்பிச்சாங்க. 13ல இருந்து 21 வயசுக்குள்ள இருந்தா எந்த மாநிலத்துல இருந்தாலும் ஃப்ரீ, அப்போ வெளி மாநிலத்துக்காரங்க இ-கார்டு வாங்கணும்னா 50 டாலர் கட்டணும், அத இவங்களுக்கு தள்ளுபடி பண்ணிட்டாங்க. அடுத்த வருஷம் சியாட்டிலும் சேந்தாங்க, அவங்க 26 வயசு வரைக்கும் குடுத்தாங்க, செலவ அங்க இருக்கிற லைப்ரரி ஃபவுண்டேஷன் நன்கொடைல பாத்துக்கிட்டாங்க. அப்புறம் பாஸ்டன், சான் டியாகோ, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியும் வந்தாச்சு (கடைசில சொன்னது கலிஃபோர்னியா புள்ளைங்களுக்கு மட்டும்). ஒவ்வொண்ணுக்கும் வயசு வரம்பு, ரூல்ஸ் வேற வேற, அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடி அந்தந்த லைப்ரரி சைட்ல ஒரு தடவ பாத்துக்கோங்க.

யூஸ் பண்றது ரொம்ப ஈசி. லிபின்னு லைப்ரரி இ-புக் படிக்கிற ஆப் இருக்கு, அதுல கார்டு நம்பர போட்டா போதும், ரெண்டு கார்டு இருந்தா ரெண்டையும் ஒரே ஆப்ல வச்சுக்கலாம், ஒரு லைப்ரரில புத்தகத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட் நீளமா இருந்தா இன்னொண்ணுல போட்டுக்கலாம், எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான். அதிகமா தடை பண்ணப்படற சில புத்தகங்கள புரூக்ளின்ல வெயிட்டிங்கே இல்லாம குடுத்தாங்க. லோன் முடிஞ்சா தானா திரும்பிப் போயிடும், லேட் ஃபீ பேச்சே கிடையாது. ஆடியோ புக்கும் உண்டு, பொண்ணு பஸ்ல போறப்ப அததான் கேக்குறா. கிராஃபிக் நாவல் மட்டும் ஃபோன்ல எழுத்து பொடிசா தெரியுது, டேப்லெட் இருந்தா அதுல படிக்கச் சொல்லுங்க.

குறை இல்லாம இல்ல. முதல்ல, இது டிஜிட்டல் மட்டும்தான். வீட்ல நெட் இல்லாத புள்ளைக்கு ஸ்கூல் ஷெல்ஃப்ல இருந்து எடுத்த புத்தகம் எடுத்ததுதான். ரெண்டாவது, சின்னப் புள்ளைங்களோட படப் புத்தகங்களையும்தான் ஸ்கூல்ல இருந்து எடுக்குறாங்க, ஆனா ஏழு வயசுக் கொழந்தைக்கு இந்த கார்டுல வழி இல்ல, இது எனக்கு நெஜமாவே வருத்தம். இன்னொண்ணு, இப்படி ஒரு கார்டு இருக்குன்னு புள்ளைங்களுக்கு யாராவது சொன்னாதான தெரியும்? சொல்றதுக்கே எவ்ளோ விலை குடுக்க வேண்டியிருக்கு பாருங்க, ஒக்லஹோமால நார்மன் ஊர்ல ஒரு டீச்சர் 2022ல கிளாஸ் புத்தக அலமாரிய பேப்பரால மூடிட்டு இந்த கார்டோட க்யூஆர் கோட ஒட்டி வச்சாங்க, 2024ல அவங்க டீச்சிங் சர்டிஃபிகேட்டயே மாநில போர்டு ரத்து பண்ணிடுச்சு.

ஒரு லைப்ரரி மட்டும் தனியா நின்னா நிதிய வெட்டியோ ஆள மாத்தியோ அமுக்கிடலாம், பல ஊரு சேந்து நிக்கிறப்ப அது அவ்ளோ சுலபம் இல்ல. அதுக்காகவே நான் நாலு ஸ்டார் குடுக்குறேன், அந்த ஒரு ஸ்டார் கொறச்சது சின்னப் புள்ளைங்கள விட்டதுக்கு. கார்டு வாங்கியாச்சேன்னு ஸ்கூல் போர்டு மீட்டிங்குக்கு போறத மட்டும் நிறுத்திடாதீங்க, ஷெல்ஃப்ல இருந்து எடுத்த புத்தகத்த திரும்ப ஷெல்ஃப்லயே வைக்கச் சொல்லி அங்கதான் கேக்க முடியும், நாங்க போயிட்டுதான் இருக்கோம்.