காலில் கை வைக்காத டாக்டர்

காலையில் காப்பி கொண்டுவந்து வைத்த அம்மா, சேலையை முழங்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கி, "எய்யா, இது என்னன்னு பாரு" என்றாள். வலது தொடையின் உட்புறம் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. நாவல் பழம் தின்ற நாக்கின் நிறம். இடது கெண்டைக்காலில் இன்னும் இரண்டு இடம். அங்கே விரல் பதிந்த தடம் தனித்தனியாகத் தெரிந்தது.

பர்மிங்காமிலிருந்து ஐந்து வார லீவில் திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். விமானம், ரயில், பேங்க் வேலை எதிலும் குறை இல்லை. அதையெல்லாம் எழுத எனக்குப் பொறுமையும் இல்லை. இந்தக் கன்றிப்போன காலைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும்.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மாடிப்படி ஏறி இரண்டு வருஷம் ஆகிறது. அதைவிட முக்கியமானது, 2011-இல் இதய வால்வு மாற்றி உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ராத்திரி அசிட்ரோம் மாத்திரை. மாதம் ஒரு தடவை ஐ.என்.ஆர் பரிசோதனை, அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண். அம்மாவுக்கு அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிவிடும், கூடினால் உள்ளே கசியும். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான் இது. எனக்கும் தெரியும்.

தெரிந்திருந்தும் பர்மிங்காம் சூப்பர் மார்க்கெட்டில் மூட்டுவலிக்கென்று விற்கிற குளுக்கோசமின் மாத்திரை பாட்டில் இரண்டு வாங்கிப் பெட்டியில் வைத்தேன். அங்கே அது சோப்பும் ஷாம்பூவும் இருக்கிற வரிசைக்கு அடுத்த வரிசையில் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் அம்மாவுக்கு என்ன கொண்டுவருவான்? இதைத்தான். வந்த மறுநாளே காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஆரம்பித்துவிட்டாள். "பிள்ளை கொண்டாந்த மாத்திரை" என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் காட்டினாள்.

மூன்றாவது வாரம் ஜங்ஷன் பக்கம் ஒரு போர்டு பார்த்தேன். ஆபரேஷன் இல்லாமல் மூட்டுவலிக்குத் தீர்வு, கைவழி சிகிச்சை, சத்து மாவு. உள்ளே ஏ.சி, வெள்ளைத் துண்டு, சந்தன வாசம். இங்கிலாந்தில் என் தோள்வலிக்கு பிசியோதெரபி கிடைக்க நாலு மாதம் காத்திருந்தவன் நான். இங்கே பத்தாவது நிமிஷம் அம்மா மேஜையில் படுத்திருந்தாள். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? நம்ம ஊர் மாதிரி வருமா என்று மனைவிக்கு வாய்ஸ் மெசேஜ் கூட அனுப்பினேன்.

அந்தப் பத்து நிமிஷத்தில் அவர்கள் கேட்டவை: பெயர், வயது, போன் நம்பர், பணமா ஜிபேயா. அவ்வளவுதான். பன்னிரண்டு தடவைக்கு 14,400 ரூபாய். கூடவே கொலாஜன் மாவு டின் இரண்டு, தனிக்காசு.

அந்த நாலு மாதக் காத்திருப்புக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டபோது, என் தோளைத் தொடும் முன் நிரப்ப ஒரு படிவம் கொடுத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்பு முறிவு உண்டா, புற்றுநோய் வந்ததுண்டா என்று இரண்டு பக்கம். அப்போது அதைச் சலித்துக்கொண்டே நிரப்பினேன். ஜங்ஷனில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

முக்கால் மணி நேரம் பிடித்தார்கள். மேலோட்டமாக இல்லை, முழங்கையை ஊன்றித் தொடையை இழுத்தார்கள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "வலிக்கத்தான் செய்யும்மா, கெட்ட நீர் இறங்குது" என்றார் பிடித்தவர். நான் பக்கத்தில் நின்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

சின்ன வயசில் எங்கள் தெருவுக்கு கல்குளம் பக்கமிருந்து ஓர் ஆசான் வருவார். சுளுக்கு எடுப்பது, உருவி விடுவது, மரத்திலிருந்து விழுந்தவனுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவர்தான். திண்ணையில் உட்கார வைத்து, எப்போது விழுந்தாய், எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாய், வாந்தி எடுத்தாயா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எண்ணெயில் கை வைப்பார். ஒரு தடவை என் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு, "இது எனக்கான கேஸ் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று திருப்பி அனுப்பினார். அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. ஏ.சி அறையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கேள்விகள் ஏன் வரவில்லை?

கன்றிப்போனதைப் பார்த்த அன்று, பக்கத்து வீட்டு அத்தை சொல்லி, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். 1964-இல் தொடங்கிய கல்லூரி. எனக்கு நம்பிக்கை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டம், ஓ.பி சீட்டு, மர பெஞ்சு, சுக்கும் எண்ணெயும் கலந்த வாசனை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

உள்ளே இருந்த டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். தொக்கணம், அதாவது கையால் பிடித்துவிடும் சிகிச்சை, போட்டால் வீக்கம் வடியுமா என்று அம்மாதான் கேட்டாள். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகைத் தொக்கணம் சித்த மருத்துவத்தில் உண்டு. அதைப் படித்துப் பட்டம் வாங்கியவர் அவர். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுதீங்கம்மா?"

அம்மா பர்ஸைத் திறந்து அசிட்ரோம் அட்டையை நீட்டினாள். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். நெஞ்சுத் தழும்பைப் பார்த்தார். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, தலைவலி உண்டா, புதிதாக எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் குளுக்கோசமினைச் சொன்னேன்.

"இந்தக் காலில் நான் கை வைக்க மாட்டேன். முதல்ல ஐ.என்.ஆர் பாத்துட்டு, ஹார்ட் டாக்டர்கிட்ட இன்னைக்கே பேசுங்க. அந்தக் குளுக்கோசமினை இப்பவே நிறுத்துங்க."

ஐ.என்.ஆர் 4.9. இதய டாக்டர் அசிட்ரோமை ஒரு ராத்திரி நிறுத்தச் சொல்லி, அளவை மாற்றி, மூன்றாம் நாள் மறுபடி பார்க்கச் சொன்னார். அந்த மூன்று ராத்திரியும் நான் அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தேன்.

வீட்டுக்கு வந்து பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. குளுக்கோசமின் இந்த வகை மருந்துகளோடு சேர்ந்தால் ஐ.என்.ஆர் ஏறலாம். பெரும்பாலும் அது இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. என் பாட்டிலிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. பிறந்ததிலிருந்து சைவம் சாப்பிடுகிற அம்மாவுக்கு மூன்று வாரம் நான் கொடுத்தது நண்டு ஓடு. இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

இத்தனைக்கும் அது முழங்காலுக்கு எவ்வளவு உதவும்? அமெரிக்காவில் 1,583 பேரை வைத்து ஆறு மாதம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 60 பேர் வலி குறைந்தது என்றார்கள். குளுக்கோசமின் சாப்பிட்டவர்களில் 64 பேர். மொத்தமாகப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்றுதான் முடித்தார்கள். நான் இருக்கிற இங்கிலாந்தில் 2022-இல் வந்த மருத்துவ வழிகாட்டுதல், மூட்டுத் தேய்மானத்துக்கு குளுக்கோசமின் கொடுக்க வேண்டாம் என்கிறது. கைவழி சிகிச்சையும் தனியாக வேண்டாம், உடற்பயிற்சியோடு சேர்த்தால் மட்டும் யோசிக்கலாம் என்கிறது. கூப்பிடு தூரத்தில் இருந்த விஷயம்.

ஜங்ஷனுக்குத் திரும்பிப் போனேன். பணத்துக்காக மட்டும் இல்லை. அடுத்து வருகிறவர்களிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லப் போனேன். "நீங்கதான் சார் சொல்லியிருக்கணும்" என்றார்கள். பாதி நியாயம். மீதி பதினோரு தடவைக்கும் மாவுக்கும் காசு திரும்பவில்லை.

மூன்றாம் நாள் ஐ.என்.ஆர் 3.1. பாளையங்கோட்டைக்கு மறுபடி போனோம். பிரண்டைத் துவையலும் முடக்கத்தான் தோசையும் வழக்கமான அளவில் சாப்பிடலாமா என்று அம்மா கேட்டாள். சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். ஆனால் கீரை எதையும் ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் நிறுத்தினால் ஐ.என்.ஆர் ஆடும், முருங்கைக்கீரையானாலும் ஒரே அளவாக வையுங்கள் என்று விளக்கினார்.

பிறகு அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்து, துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, கீழே அழுத்திப் பத்து எண்ணச் சொன்னார். காலை நீட்டித் தூக்கி இறக்குவது ஒன்று. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது ஒன்று. தொடைச் சதை வலுத்தால் முட்டியின் பாரம் குறையும் என்றார். மொத்தச் செலவு ஆட்டோவுக்கு 160 ரூபாய்.

நான் கிளம்பும் முன் ஓர் அட்டையில் "அசிட்ரோம் சாப்பிடுகிறேன், வால்வு மாற்றியிருக்கிறது" என்று பெரிய எழுத்தில் எழுதி பர்ஸில் வைத்தேன். குளுக்கோசமின் பாட்டில் இரண்டையும் திருப்பி எடுத்து வந்தேன். பாதி காலியானது இப்போது என் மேஜையில் இருக்கிறது.

நேற்று போனில் பேசினேன். நாற்காலியிலிருந்து முதல் நாள் மூன்று தடவைதான் எழுந்தாளாம், இப்போது பதினொன்று. வத்தல் காயப்போட மாடிக்குப் போகவா என்று கேட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அத்தையையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன்.