‘இணையம் இல்லை’ என்று மட்டும் சொல்லும் கருவி: விண்டோஸின் வலையமைப்புப் பழுதறிதல் வசதி குறித்து ஒரு மதிப்புரை

வைஃபை இணைந்துவிட்டது, கடவுச்சொல் ஏற்கப்பட்டது, சிக்னலும் முழுமையாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. இந்த நிலைக்கு விண்டோஸ் 11 தன்னிடமே இரண்டு மருந்துகளை வைத்திருக்கிறது. பணிப்பட்டையில் உள்ள வலையமைப்புக் குறியின் மீது வலச்சொடுக்கினால் கிடைக்கும் பழுதறியும் கருவி ஒன்று. அமைப்புகளுக்குள் சற்று ஆழத்தில் இருக்கும் ‘நெட்வொர்க் ரீசெட்’ மற்றொன்று. கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் பெரும்பாலோர் தொடுவது இவற்றைத்தான் என்பதால், இவை எதில் உதவும், எதில் திசைதிருப்பும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இணையம் இருக்கிறதா என்பதை விண்டோஸ் எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். வைஃபை இணைந்தவுடன் மைக்ரோசாஃப்டின் சேவையகம் ஒன்றிலிருந்து மிகச் சிறிய உரைக்கோப்பு ஒன்றை அது கேட்கிறது. அந்தக் கோப்பில் ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற சொற்களைத் தவிர வேறெதுவும் கிடையாது. அந்தச் சொற்கள் அப்படியே வந்து சேர்ந்தால் இணையம் உண்டு, வராவிட்டால் இல்லை. பழைய விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. இப்போதுள்ள கோப்பும் முகவரியும் 2016-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் வழக்கத்தில் உள்ளன. ஆகவே பூமி உருண்டை போன்ற குறியும் ‘இணையம் இல்லை’ என்ற வரியும் தோன்றும்போது, ஒரு குறிப்பிட்ட சோதனை தோற்றது என்பதே அதன் சரியான பொருள். அந்த ஒரு முகவரியை அலுவலகத்தின் ஃபயர்வால் (வலையமைப்புப் பாதுகாப்பு அரண்) தடுத்திருந்தால், மற்ற தளங்கள் எல்லாம் திறந்துகொண்டிருக்கும்போதே விண்டோஸ் இணையம் இல்லை என்று சாதிக்கும்.

கருவி உண்மையிலேயே திறமை காட்டும் இடம் ஐபி முகவரிப் பழுது, அதாவது வலையமைப்பில் சாதனத்தை அடையாளம் காட்டும் எண்ணில் வரும் பழுது. ரவுட்டர் தன்னோடு இணையும் ஒவ்வொரு சாதனத்துக்கும் டிஎச்சிபி எனப்படும் தானியங்கி முறையில் ஒரு முகவரி தர வேண்டும். ரவுட்டர் முடங்கிக் கிடந்தாலோ, விடுதிகளில் நேர்வதுபோல் கையிருப்பு முகவரிகள் தீர்ந்துபோனாலோ, மடிக்கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தனக்குத்தானே சூட்டிக்கொள்கிறது. அந்த முகவரியை வைத்துக்கொண்டு வீட்டு வாசலைக்கூடத் தாண்ட முடியாது. இந்த நிலையில் கருவி, வைஃபைக்குச் செல்லத்தக்க ஐபி அமைப்பு இல்லை என்று தெளிவாகச் சொல்வதோடு, அடாப்டரை (கணினியை வலையமைப்போடு இணைக்கும் வன்பொருளை) அணைத்து மீண்டும் இயக்கிப் புதிய முகவரி கேட்கவும் வைக்கிறது. அலுவலகத்தில் யாரோ கையால் எழுதி வைத்த நிலையான முகவரி வீட்டுக்கு வந்தபின் சிக்கல் தரும்போதும், டிஎச்சிபி அணைக்கப்பட்டிருப்பதை அது சுட்டிக்காட்டும். கட்டளைச் சாளரத்தைத் திறக்கத் தயங்குவோருக்கு இது பெரிய உதவிதான்.

என் முதன்மையான குறை அடுத்த இடத்தில்தான். ‘கணினியின் அமைப்பு சரியாக இருப்பதாகத் தெரிகிறது, ஆனால் டிஎன்எஸ் சேவையகம் பதிலளிக்கவில்லை’ என்பது இந்தக் கருவி அடிக்கடி தரும் தீர்ப்பு. தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். வீட்டு இணைப்புகளில் அந்த வேலைக்கு ரவுட்டரின் முகவரியே பொதுவாகக் கொடுக்கப்பட்டிருக்கும். ரவுட்டர் கேள்வியை வாங்கி வெளியே அனுப்பிப் பதிலைக் கொண்டுவரும். எனவே டிஎன்எஸ் மட்டும் கெட்டிருந்தாலும், தெருவில் ஃபைபர் கம்பி அறுந்திருந்தாலும் வரும் செய்தி ஒன்றே. இதைப் படித்துவிட்டு மடிக்கணினியில் எதையெதையோ மாற்றுகிறவர்கள், ஃபைபர் பெட்டியில் சிக்னல் வராததைக் காட்டும் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிவதைப் பார்த்திருந்தால் நேரே இணைப்பு நிறுவனத்தை அழைத்திருப்பார்கள்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு கட்டளை போதும். கட்டளைச் சாளரத்தில் 8.8.8.8 என்ற எண்ணுக்கு ‘பிங்’ கட்டளை கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பதில் வந்து, தளத்தின் பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் பழுது டிஎன்எஸ்ஸில்தான். அப்போது கூகுள் 2009 முதல் வழங்கும் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேர் 2018-இல் தொடங்கிய 1.1.1.1 என்ற பொது முகவரியை வைஃபை அமைப்பில் எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணுக்கும் பதில் வராவிட்டால் ரவுட்டருக்கே ‘பிங்’ கொடுக்கலாம். அங்கிருந்து பதில் வந்தால், மடிக்கணினியைவிட ரவுட்டரையும் அதற்கு அப்பால் உள்ள இணைப்பையும் சந்தேகிப்பதே முறை. அதே வைஃபையில் கைபேசி வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் நல்ல வழியே. ஆனால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லையேல் கைபேசி சத்தமில்லாமல் அதற்குத் தாவி, வைஃபை நன்றாக இருப்பதாக நம்மை நம்ப வைத்துவிடும்.

இப்படி மாற்றிய டிஎன்எஸ் வேறோர் இடத்தில் காலை வாருவதும் உண்டு. ரயில் நிலையங்களிலும் தங்கும் விடுதிகளிலும் கைபேசி எண்ணோ அறை எண்ணோ கேட்கும் நுழைவுப் பக்கம் ஒன்று வரும். விண்டோஸும் அதை உணர்ந்து உலாவியைத் தானே திறக்கும். ஆனால் கையால் எழுதிய டிஎன்எஸ்ஸோ, ஓடிக்கொண்டிருக்கும் விபிஎன்னோ (இணைப்பைத் தனி மறைவழியில் கொண்டுபோகும் மென்பொருள்) இருந்தால் அந்தப் பக்கம் வராமலே போகலாம். அங்கே போகும்போது டிஎன்எஸ்ஸைத் தானியங்கி நிலைக்குத் திருப்புவதும் விபிஎன்னை நிறுத்துவதும்தான் வழி.

கருவியின் கண்ணுக்கே தெரியாத பழுதுகளில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது கடிகாரம். தாய்ப்பலகையில் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விட்டால், பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று உலாவி எல்லாத் தளங்களையும் மறுக்கும். விண்டோஸ் கேட்கும் சோதனைக் கோப்போ சான்றிதழ் தேவைப்படாத பழைய எச்டிடிபி முறையில் வருவதால் சோதனை வெற்றி பெறும். குறியில் குறை இருக்காது, எந்தத் தளமும் திறக்காது. கருவியை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட வலது மூலையில் உள்ள தேதியை ஒருமுறை பார்ப்பது மேல்.

நெட்வொர்க் ரீசெட்டைப் பொறுத்தவரை, அது வலிமையானது என்பதில் ஐயமில்லை. வலையமைப்பு அடாப்டர்கள் அனைத்தையும் நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து, மீண்டும் நிறுவி, எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவருகிறது. விபிஎன் மென்பொருளை நீக்கிய பின்னும் அதன் எச்சங்கள் வழியை அடைத்துக்கொண்டிருக்கும்போது இதைப்போல் பலன் தருவது வேறில்லை. ஆனால் சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போய்விடும். அலுவலக விபிஎன்னை மீண்டும் நிறுவ வேண்டியும் வரலாம். கொசுவை விரட்ட வீட்டைக் கொளுத்துவதுபோல் இதையே முதல் வேலையாகச் செய்யச் சொல்லும் அறிவுரைகளை நான் ஏற்பதில்லை.

பழைய பழுதறியும் கருவிகளுக்கு அடித்தளமாக இருந்த மென்பொருளில் 2022-இல் ‘ஃபோலினா’ எனப்படும் கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. மறு ஆண்டு அந்த அடித்தளத்தைப் படிப்படியாகக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்து, வேலையை ‘கெட் ஹெல்ப்’ செயலிக்கு மாற்றியது. பாதுகாப்பு நோக்கில் அது சரியான முடிவு. பயன்படுத்துவோரின் நோக்கில், சிக்கல் தீர்ந்ததா என்று அடிக்கடி கேட்டுக் கேட்டு நகரும் இந்த உரையாடல் முறையைவிட, பழைய சிறிய சாளரமே விரைவானது என்று எனக்குப் படுகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் இணைப்பின் நிலையை முழுமை, வரம்புக்குட்பட்டது, நுழைவுப் பக்கம், ஏதுமில்லை என்று தனித்தனிச் சொற்களால் சொல்கிறது. ரவுட்டர் வரை போக முடிந்தும் வெளியே போக முடியாத நிலைக்கும், நுழைவுப் பக்கம் காத்திருக்கும் நிலைக்கும் அங்கே வெவ்வேறு பெயர் உண்டு. விண்டோஸ் அதையும் இதையும் ஒரே குறிக்குள் அடைக்காமல் இந்த அளவுக்காவது பிரித்துச் சொல்லியிருக்கலாம். அதுவரை, அமைப்புகளில் வைஃபையின் ‘வன்பொருள் பண்புகள்’ பக்கத்தைத் திறந்து ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறதா, டிஎன்எஸ் வரிசையில் நாம் எழுதாத எண் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே கருவியை இயக்குவது நல்லது.