செவ்வாய்ப்பேட்டை அக்கா கடை தட்டுவடை செட்: சட்னிக்காகவே போகலாம்

தட்டுவடை செட் என்பது இரண்டு மொறுமொறு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காயும் வைத்துத் தருவது. சேலத்துக்காரர்களிடம் எந்தக் கடை செட் நல்லது என்று கேட்டால் சண்டைதான் வரும், இருந்தாலும் எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தள்ளுவண்டி. பெயர்ப்பலகை கிடையாது. நடத்துவது ஒரு திருநங்கை அக்கா, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் அடுக்க ஆரம்பிப்பார். துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சிவப்பு பச்சை என்று இரண்டு சட்னி, எல்லாம் மற்ற கடைகளில் இருப்பதுதான், ஆனால் பல இடங்களில் சட்னியை நடுவில் ஒரு சொட்டு வைத்து மூடிவிடுவார்கள், ஓரத்தைக் கடித்தால் வெறும் வடை. இவர் கரண்டியின் பின்பக்கத்தால் ஓரம் வரை தடவுகிறார். அவ்வளவுதான் ரகசியம். தட்டுவடையை உடைத்துக் கலந்து தரும் நொறுக்கலும் உண்டு, அது சுமார்.

போன வாரம் என் கூடப்பிறந்த அக்காவின் மகனையும் கூட்டிப் போயிருந்தேன், பிலிப்பைன்ஸில் டாக்டருக்குப் படிக்கிறவன், லீவுக்கு வந்திருக்கிறான். கூட்டம் இருந்ததால் நின்றுகொண்டே அந்த ஊர்க் கட்சி ஒன்றைப் பற்றிச் சொன்னான். பெயர் ஆங் லட்லட். லட்லட் என்றால் போர்த்தியிருப்பதை விரித்துக் காட்டுவது, அதாவது தான் யார் என்று ஒளிக்காமல் வெளியே வருவது. டான்டன் ரெமோட்டோ என்கிற எழுத்தாளர் 2003-ல் தொடங்கியது, தன்பால் ஈர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்கும் சம உரிமை கேட்டு. 2009-ல் தேர்தல் ஆணையம் பைபிளையும் குர்ஆனையும் மேற்கோள் காட்டி, இது ஒழுக்கக்கேடு, பதிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டதாம்! 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, மே மாதம் தேர்தல். ஒரு மாதத்தில் என்ன பிரசாரம் செய்ய முடியும்? லட்சம் ஓட்டுக்கு மேல் வாங்கியும் நாடாளுமன்றத்தில் இடம் உறுதியாகத் தேவையான 2 சதவீதத்தை எட்டவில்லை. 2013-லும் அதே கதை.

கடை அக்கா தடவுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "ஏங்கண்ணு, தேர்தல்ல நிக்கறதுக்கே கோர்ட்டுக்குப் போனாங்களா? எனக்கு இந்த மூலையில வண்டிய நிறுத்தறதுக்கே ரெண்டு வருசம் ஆச்சு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "லட்சம் பேரு போட்டிருக்காங்களே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இந்தப் பேச்சில் என் செட்டில் வெங்காயம் போட மறந்துவிட்டார், அதற்கு அரை மதிப்பெண் குறைக்கிறேன்.

சிவப்புச் சட்னி எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும், முன்னாலேயே போய்விடுங்கள். உட்கார இடம் கிடையாது. ஒரு தட்டு 30 ரூபாய், ஜிபே உண்டு. ஆனால் ஸ்கேன் செய்தால் ஓர் ஆண் பெயர் வரும். தன் பாலினத்தை அவரவரே சொல்லிக்கொள்ளலாம் என்று நம் உச்ச நீதிமன்றம் 2014-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது, அக்காவின் வங்கிக் கணக்கு மட்டும் இன்னும் பழைய பெயரிலேயே இருக்கிறது. நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "அது நாந்தான் கண்ணு, அனுப்பு" என்றார்.