பைத்தானில் சரத்துக்குள் தேட எதைப் பயன்படுத்துவது: இன், ஃபைண்ட், இண்டெக்ஸ், ரீஜெக்ஸ்

பைத்தான் நிரல்மொழியில் ஒரு சரத்துக்குள், அதாவது எழுத்துத் தொடருக்குள், இன்னொரு சரத்தைத் தேட நான்கு வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. உண்டா இல்லையா என்பது மட்டும் தெரிய வேண்டுமானால், இன் என்னும் செயற்குறியே போதும். அது ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று விடை தருவதால், நிரலைப் படிப்பவருக்கு விளக்கமே தேவைப்படாது. இந்த வேலைக்கு வேறு எதையும் நாடுவதில் பயனில்லை.

சொல் எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிய வேண்டும்போதுதான் ஃபைண்டுக்கும் இண்டெக்ஸுக்கும் இடையே போட்டி எழுகிறது. கிடைத்தால் இரண்டும் ஒரே எண்ணைத்தான் தருகின்றன. கிடைக்காதபோது ஃபைண்ட் -1 என்ற எண்ணைத் தர, இண்டெக்ஸ் வேல்யூஎரர் என்ற பிழையை எழுப்பி நிரலை நிறுத்துகிறது. பலர் ஃபைண்டை மென்மையானது என்று விரும்புகிறார்கள். எனக்கு அதுவே ஆபத்தாகத் தெரிகிறது. இஃப் கட்டளைக்குள் ஃபைண்டை நேரடியாக வைத்தால், சொல் சரத்தின் தொடக்கத்திலேயே இருக்கும்போது வரும் 0 ‘இல்லை’ என்றும், சொல்லே இல்லாதபோது வரும் -1 ‘உண்டு’ என்றும் கொள்ளப்படும். அந்த -1ஐ அப்படியே இடக்குறியாகப் பயன்படுத்தினால், பைத்தான் எந்த எச்சரிக்கையுமின்றிச் சரத்தின் கடைசி எழுத்தை எடுத்துக் கொடுத்துவிடும். சொல் கட்டாயம் இருந்தாக வேண்டிய இடத்தில் இண்டெக்ஸையே பரிந்துரைப்பேன், ஏனெனில் தவறு நேர்ந்த வரியிலேயே அது தெரிந்துவிடுகிறது.

வேகத்தைப் பொறுத்தவரை இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே தேடல் நிரல்தான். 2021இல் வந்த 3.10 பதிப்பில் நீளமான சரங்களுக்காக டூ-வே அல்காரிதம் சேர்க்கப்பட்டதால், சிலவகைத் தரவுகளில் முன்பு நேர்ந்த கடும் தாமதமும் நீங்கியது.

தேடுவது குறிப்பிட்ட சொல்லாக இல்லாமல் ஒரு வடிவமாக இருந்தால், உதாரணமாக நான்கு இலக்க ஆண்டு அல்லது ஆறு இலக்க அஞ்சல் குறியீடு என்றால், எழுத்து வடிவங்களை விவரித்துத் தேடும் ரீஜெக்ஸைத் தவிர வழியில்லை. ஆனால் நிலையான சொல்லைத் தேட அதைக் கொண்டுவந்தால் வீண் சிக்கல்தான். 3.14 என்று தேடினால் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும் குறியாகிவிடுவதால் 3214 என்பதும் அகப்படும்; பயனர் தட்டச்சிடும் சொல்லை எஸ்கேப் செய்யாமல், அதாவது புள்ளி போன்ற சிறப்புக் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றாமல், ரீஜெக்ஸிடம் ஒப்படைக்கவே கூடாது.

தமிழ் உரையில் தேடுவோர் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் தரும் யூனிகோடில் ‘படி’ என்பது ப, ட, இகரக் குறி என்ற மூன்று குறியெண்களாகச் சேமிக்கப்படுவதால், அதற்குள் ‘பட’ உண்டா என்று கேட்டால் இன் ட்ரூ என்கிறது. மறுபுறம் ‘கொடி’ என்ற சொல்லில் ஒகரக் குறி ஒரே குறியெண்ணாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரிந்து இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாவிட்டாலும் தேடல் தோற்றுவிடும். இதற்கு, தேடும் சரம், தேடப்படும் சரம் இரண்டையும் யூனிகோட்டேட்டா மாட்யூலைக் கொண்டு முதலில், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

‘படி’க்குள் ‘பட’ அகப்படும் முதல் சிக்கலுக்கு, சொல்லெல்லை காட்டும் பி குறியை ரீஜெக்ஸில் இருபுறமும் இட்டால் தீரும் என்று தோன்றும், அதுவும் கைகொடுக்காது. பைத்தானோடு வரும் ரீஜெக்ஸ் மாட்யூல் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கருதுவதில்லை; ‘படி’யில் டகரத்தை அடுத்தே சொல் முடிந்துவிட்டதாக எண்ணி, அது மீண்டும் ‘பட’வைப் பிடித்துக் கொடுக்கும். ஆகவே தேடும் சொல்லை அடுத்து யூனிகோடின் 0பிபிஇ (0BBE) முதல் 0பிசிடி (0BCD) வரையிலான குறிகள் எதுவும் வரக்கூடாது என்று எதிர்மறை லுக்அஹெட் ஒன்றை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். பி குறிக்குப் பதிலாக அதைச் சேர்த்தால் ‘படி’ விலகும், ‘படம்’ அகப்படும். தமிழ்த் தரவில் இன் செயற்குறியை விட்டு ரீஜெக்ஸுக்கு நான் மாறுவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.