பூனையின் மைக்ரோசிப்பை வைத்துத் தேடித் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள்

பெருநகரங்களில் உயர் இனப் பூனை வளர்ப்பவர்கள், அது காணாமல்போவதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். காணாமல்போன பிறகு எதையும் நிதானமாகப் படிக்கும் நிலையில் யாரும் இருப்பதில்லை, நானும் இருக்கவில்லை. என்னை ஏமாற்றியவர்களின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. புகார் விசாரணையில் இருப்பது ஒரு காரணம். அவர்கள் அடிக்கடி பெயரை மாற்றிக்கொள்வதால் பெயரைச் சொல்லியும் பயனில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பஞ்சு எங்கள் வீட்டில் வளரும் 4 வயதுப் பெர்சியன் பூனை. குட்டியாக வந்த நாளிலிருந்து வாசற்படியைத் தாண்டியதில்லை. குழாய் பழுதுபார்க்க வந்தவர் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கருவி எடுக்கக் கீழே போன சில நிமிடங்களில் அது வெளியேறிவிட்டது. ஐந்தாம் மாடியிலிருந்து தரைத்தளம் வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி இரண்டு மணி நேரம் ஏறி இறங்கினேன். பதில் குரல் வரவில்லை என்றதும், அது இந்தக் கட்டடத்திலேயே இல்லை என்று முடிவு கட்டினேன். என் முதல் தவறு அதுதான். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை பயந்து ஓர் இடுக்கில் ஒளிந்துகொண்டால், பாலூட்டி வளர்த்தவர் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. அப்போது அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு, சத்தமின்றி அசையாமல் கிடப்பது மட்டுமே.

இரண்டாவது தவறு, அன்றிரவு நான் சமூக வலைத்தளங்களில் வெளியிட்ட அறிவிப்பு. அதைப் பார்த்த எல்லோரும் மிக விரிவாக எழுதியிருக்கிறாய் என்று பாராட்டினார்கள். வம்சாவளிச் சான்றிதழ் உள்ள பெர்சியன் என்று எழுதினேன். நான்கு பக்கமும் தெரியும்படி படங்கள் போட்டேன். இடது பின்னங்காலின் உட்புறத்தில் இருக்கும் வெள்ளைத் திட்டையும், கழுத்துப் பட்டையின் நிறத்தையும், மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணையும் குறிப்பிட்டேன். ‘எவ்வளவு சன்மானம் வேண்டுமானாலும் தரப்படும், வாட்ஸ்அப்பில் தொடர்பு கொள்ளவும்’ என்று முடித்தேன். அது என் பூனைதான் என்று நிரூபிக்க என்னிடம் இருந்த அத்தனை சான்றுகளையும், நான் எத்தனை பதற்றத்தில் இருக்கிறேன் என்பதையும் ஒரே பக்கத்தில் திறந்து வைத்துவிட்டேன்.

இரவு பதினொரு மணிக்கு ஒருவர் அழைத்தார். மிகுந்த மரியாதையாகப் பேசினார். “உங்கள் பூனை போலவே ஒன்று எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது. ஆனால் பல பேர் பொய்யாக உரிமை கொண்டாடுவதால், நீங்கள்தான் உண்மையான உரிமையாளர் என்று உறுதி செய்ய ஓர் எண் அனுப்புகிறேன், அதைச் சொன்னால் போதும்” என்றார். குறுஞ்செய்தியில் 6 இலக்க எண் வந்தது. யாரிடமும் பகிர வேண்டாம் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருந்தது. படித்தேன், படித்துக்கொண்டே அவரிடம் சொன்னேன். அது என்னைச் சரிபார்க்கும் எண் அல்ல. என் வாட்ஸ்அப் கணக்கை வேறொரு கைப்பேசியில் திறப்பதற்கான எண். அடுத்த நிமிடமே கணக்கு என் கையை விட்டுப் போனது. மறுநாள் காலைக்குள், பூனைக்கு அவசரச் சிகிச்சை என்று சொல்லி என் பெயரில் உறவினர் பலரிடம் பணம் கேட்டிருக்கிறார்கள். பஞ்சு தொலைந்தது தெரிந்ததால் சந்தேகமே படாமல் சித்தப்பா அனுப்பிவிட்டார்.

மறுநாள் நண்பகலில்தான் என் எண்ணை மீண்டும் பதிவு செய்து அவர்களை வெளியேற்றினேன். ஆனால் அதற்குள் அவர்கள் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ரகசிய எண் ஒன்றை வைத்துவிட்டிருந்தார்கள். அந்த எண் தெரியாதவர் 7 நாள் காத்திருந்தால்தான் கணக்குக்குள் நுழைய முடியும். அந்த வசதியை நானே முன்கூட்டி இயக்கி வைத்திருந்தால், குறுஞ்செய்தியில் வந்த எண்ணை மட்டும் வைத்து அவர்களால் உள்ளே வந்திருக்க முடியாது. இதைப் படிப்பவர்கள், பூனை வளர்க்காதவர்களும்கூட, இன்றே அதைச் செய்துவிடுங்கள்.

அந்த நண்பகலுக்கும் முந்தைய இரவுக்கும் இடையில் நடந்த ஒன்று எனக்கு ஒன்பதாம் நாள்தான் தெரியவந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று பிற்பகலில் வந்தவர்கள்தான் இந்தப் பதிவுக்கு முக்கியக் காரணம். காணாமல்போன செல்லப்பிராணிகளைக் கண்டுபிடித்துத் தரும் நிறுவனம் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். என் பூனையின் சிப் எண்ணை அவர்களே வாசித்துக் காட்டி, அது தங்கள் செயற்கைக்கோள் வரைபடத்தில் தெரிகிறது என்றார்கள். அந்த எண்ணை நானே ஊரறிய எழுதி வைத்திருந்தது அப்போது நினைவுக்கே வரவில்லை. சற்று நேரத்தில் ஒரு இணைப்பு வந்தது. திறந்தால் நகர வரைபடம், அதில் ஒரு நீலப் புள்ளி, நகர்ந்துகொண்டிருந்தது. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள் என்றார்கள். வயிற்றில் புளியைக் கரைத்தது. முன்பணம் அனுப்பினேன். பிறகு வாகனச் செலவு என்றார்கள், அதையும் அனுப்பினேன். மூன்றாவதாகக் கூண்டுக்கும் ஆட்களுக்கும் என்றார்கள். கூட்டிப் பார்த்தால் பஞ்சுவை வாங்கிய விலையைவிட அதிகம்.

பணத்தைவிட அவர்கள் சொன்ன ஓர் அறிவுரைதான் எனக்குப் பெரும் இழப்பை உண்டாக்கியது. “அக்கம்பக்கத்தில் விசாரிக்காதீர்கள், சுவரொட்டியும் ஒட்டாதீர்கள். வைத்திருப்பவன் உஷாராகிப் பூனையை விற்றுவிடுவான்” என்றார்கள். அச்சடித்து வைத்திருந்த சுவரொட்டிகளைக் கட்டோடு அலமாரியில் வைத்துவிட்டு, ஆறு இரவுகள் அந்த நீலப் புள்ளியின் பின்னால் நகரின் மறுகோடி வரை அலைந்தேன். புள்ளி இருக்கும் இடத்தை நான் நெருங்கும்போதெல்லாம் அது வேறு தெருவுக்கு நகர்ந்துவிடும்.

பூனைகளின் உடலில் செலுத்தப்படும் மைக்ரோசிப் ஓர் அரிசி மணி அளவே இருக்கும். தோள்பட்டைகளுக்கு இடையே தோலுக்கடியில் வைக்கப்படும் அதற்குள் பேட்டரி கிடையாது. ஸ்கேனரை உடலுக்கு மிக அருகில், சில சென்டிமீட்டர் தூரத்தில் கொண்டுவரும்போது, அதிலிருந்து வரும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஆற்றலைக் கொண்டு தன் எண்ணை மட்டும் திருப்பி அனுப்பும். மற்ற நேரங்களில் அது வெறும் கண்ணாடிக் குழாய். தெருவின் மறுபக்கத்திலிருந்தே அதைக் கண்டறிய முடியாது என்னும்போது செயற்கைக்கோளுக்கு வழியே இல்லை. இடத்தைக் காட்டும் கருவி வேறு. அது கழுத்துப் பட்டையில் மாட்டப்படுவது, பேட்டரியும் அலைபேசி இணைப்பும் தேவைப்படுவது. பஞ்சுவுக்கு சிப் வைத்த நாளில் கால்நடை மருத்துவர் இதை எனக்கு விளக்கியிருந்தார் என்பதுதான் வேதனை. தெரிந்த செய்தியைக்கூட மறக்கடிக்கும் வல்லமை அந்த நீலப் புள்ளிக்கு இருந்தது.

இடையில் நான்காம் நாள் வேறொருவர், பஞ்சு அறுவைச் சிகிச்சை மேசையில் குழாய்களோடு கிடப்பதுபோல் ஒரு படம் அனுப்பி, உடனே கட்டணம் செலுத்தாவிட்டால் பிழைக்காது என்றார். அழுதுகொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைத் திட்டு வலது காலில் இருந்தது. என் படத்தை எடுத்துக் கணினியில் ஒட்டியோ, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்தோ அதைத் தயாரித்திருக்க வேண்டும். எந்த மருத்துவமனை என்று கேட்டேன். நானே எண்ணைத் தேடி எடுத்து அழைக்கிறேன் என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

எட்டாம் நாள் இரவு நீலப் புள்ளி ஓர் ஏரியின் நடுவில் போய் நின்றது. மூன்று முறை பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன், அங்கேயே நின்றது. படகில் கொண்டுபோகிறார்கள் என்று அவர்கள் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

விடியற்காலையில் வீடு திரும்பியபோது, எங்கள் தெருமுனைச் சுவரில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருப்பதைக் கண்டேன். ‘பூனை ஒன்று கிடைத்துள்ளது. உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்’ என்பதும் ஒரு தொலைபேசி எண்ணும் தவிர அதில் எதுவும் இல்லை. படமில்லை, இனமில்லை, நிறமில்லை. வெயிலில் எழுத்து மங்கத் தொடங்கியிருந்தது. ஒட்டி ஐந்தாறு நாளாவது ஆகியிருக்கும். பகலில் தூங்கி இரவில் வண்டியிலேயே அந்த முனையைக் கடந்துகொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவேயில்லை.

அழைத்தேன். பக்கத்துக் கட்டடத்தின் தரைத்தளத்தில் வசிக்கும் வயதான அம்மையார் ஒருவர் எடுத்தார். பூனை காணாமல்போன மறுநாள் விடியற்காலையிலேயே, எங்கள் கட்டடத்துத் தண்ணீர் மோட்டார் அறையின் பின்புறம் இரண்டு கண்கள் டார்ச் வெளிச்சத்தில் பளபளப்பதைப் பார்த்து, மெல்லப் பிடித்து எடுத்துப் போயிருக்கிறார். என் வாசலிலிருந்து மாடிப்படியைக் கழித்தால் 30 மீட்டர் இருக்காது. 2018-இல் ‘அனிமல்ஸ்’ என்ற ஆய்விதழில், காணாமல்போன 1,210 பூனைகளைப் பற்றி வெளியான கட்டுரை ஒன்றைப் பிறகு படித்தேன். கிடைத்த பூனைகளில் 75 விழுக்காடு, அவை தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்திருக்கின்றன. நேரில் நடந்து தேடியவர்களுக்கே கூடுதல் பலன் கிடைத்திருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

“அம்மா, என் அறிவிப்பை நீங்கள் பார்க்கவில்லையா?” என்று கேட்டேன்.

“பார்த்தேன். அன்று காலை ஏழு மணிக்கே அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஆள் அனுப்புகிறேன், கொடுத்துவிடுங்கள் என்று உடனே பதில் வந்தது. முகம் காட்டிப் பேசுங்கள் என்றேன், மறுத்துவிட்டார்கள். அறிவிப்பே மோசடி என்று நினைத்து எண்ணைத் தடை செய்துவிட்டேன்” என்றார்.

நான் முதல் இரவில் தாரை வார்த்த கணக்கிலிருந்து, என் பெயரில், திருடர்கள் அவருக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். அவர் முகம் பார்க்க வேண்டும் என்று கேட்டிராவிட்டால் பஞ்சு யார் கைக்குப் போயிருக்கும் என்று நினைக்கவே உடல் நடுங்குகிறது.

அதோடு முடியவில்லை. பூனை இரண்டு நாள் எதுவும் சாப்பிடாமல் இருக்கவே, சில நாள் பட்டினி கிடந்தாலே பூனைகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம் என்று அறிந்து மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கிறார். அங்கே சிப்பைப் படித்து, பதிவேட்டில் இருந்த எண்ணை அழைத்தால், அது எனக்குப் பூனையை விற்றவரின் பழைய எண். இப்போது பயன்பாட்டில் இல்லை. பதிவை என் பெயருக்கு மாற்றாமல் விட்டது என் சோம்பல். சிப் எண் என் அறிவிப்பில் இருந்த எண்ணோடு பொருந்தியதை அவர் கவனித்திருக்கிறார். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் படித்துச் சொல்லலாமே. அவருடைய தாளைப் பார்த்து ஏற்கெனவே இருவர் வந்து, வெள்ளைத் திட்டு முதல் பட்டை நிறம் வரை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“அறிவிப்பில் எழுதாத ஒன்றைச் சொல்லுங்கள்” என்றார்.

என்னிடம் எதுவும் மிச்சமில்லை. வாலின் நீளத்தைச் சொன்னேன், கண்ணின் நிறத்தைச் சொன்னேன். எல்லாம் படத்தில் தெரிபவை. தொலைபேசியைப் பிடித்தபடி நின்றபோது, ஓராண்டுக்கு முன் மேல்தாடையின் இடது கோரைப்பல்லை எடுத்தது நினைவுக்கு வந்தது. மூடிய வாயோடு எடுத்த எந்தப் படத்திலும் அது தெரியாது. சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடும் உங்கள் அடையாள அட்டையோடும் பத்து மணிக்கு மருத்துவமனைக்கு வாருங்கள். அங்கே வைத்துத்தான் கொடுப்பேன்” என்றார். அந்தக் கண்டிப்பைக் கேட்டுத்தான் எட்டு நாளில் முதல் முறையாக எனக்கு நிம்மதி வந்தது.

பஞ்சு இப்போது நலமாக இருக்கிறது. சிக்குப் பிடித்த முடியை மட்டும் மழிக்க வேண்டியிருந்தது. சிப் பதிவு என் பெயருக்கு மாறிவிட்டது. சித்தப்பாவின் பணத்தை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தேடல் நிறுவனத்தார் என் அழைப்புகளை எடுப்பதில்லை. நேற்று, பூனையைத் தொலைத்த ஒருவரின் அறிவிப்புக்குக் கீழே அவர்களின் தொலைபேசி எண்ணை வேறொரு நிறுவனப் பெயரோடு பார்த்தேன். உடன் இணைத்திருந்த வரைபடத்தில் புள்ளி அதே நீல நிறத்தில் இருந்தது. அந்த உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்; முன்பணம் அனுப்பி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்றார்.