எட்டு வருஷம், ஒரு கார், இரண்டு டீலர்கள்

கார் நல்ல கார். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஒருமுறைகூட நடுவழியில் நின்றதில்லை. இந்த எட்டு வருஷத்தில் எனக்கு வந்த கோபம், நிம்மதி இரண்டுக்குமே காரணம் அதை விற்றவர்களும் சர்வீஸ் செய்தவர்களும்தான். டீலரைப் பற்றி எல்லாரும் வண்டி எடுத்த வாரமே எழுதிவிடுகிறார்கள். அந்த வாரத்தில் எந்த டீலரும் நல்லவர்தான். அதனால்தான் இவ்வளவு தாமதமாக இதை எழுதுகிறேன்.

வாங்கும் முன் இரண்டு ஷோரூம்கள் ஏறி இறங்கினோம். துணைக்குத் தம்பி வந்தான். அவனுக்கு லைசென்ஸ்கூடக் கிடையாது. முதல் ஷோரூமில் சேல்ஸ்மேன் அரை மணி நேரம் அவனிடமே பேசினார். கேள்வி கேட்டது நான், பதில் போனது அவனுக்கு. கடைசியில் என் பக்கம் திரும்பி, "மேடம், உங்களுக்கு எந்த கலர் பிடிச்சிருக்கு?" என்றார். வெளியே வந்ததும், "அக்கா, அவர் சொன்ன டார்க்னா என்ன?" என்று தம்பி கேட்டான். டார்க் என்றால் இஞ்சினின் சுழற்றும் விசை. டெஸ்ட் டிரைவும் அதே லட்சணம்தான். ஏசி முழு வேகத்தில், பாட்டு சத்தமாக, வழவழப்பான ரோட்டில் நேராகப் போய் நேராகத் திரும்பினோம். இஞ்சின் சத்தமோ சஸ்பென்ஷனோ காதில் விழுந்துவிடக் கூடாது என்றே போட்ட ரூட் மாதிரி இருந்தது.

இரண்டாவது ஷோரூமில் இருந்தவர் கொஞ்சம் வயதானவர். "நீங்க தினமும் போற ரோட்டுலயே ஓட்டிப் பாருங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றார். பாட்டை அவரே அணைத்தார். குண்டும் குழியுமான தெருவில் ஓட்டினேன். குறுகலான இடத்தில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். எடுக்கும்போதே, "பின்கண்ணாடி சின்னது மேடம், இந்த மாடல்ல அது ஒரு குறைதான், கேமரா இருக்கற வேரியன்ட் எடுங்க, அதுக்கு மேல இருக்கற வேரியன்ட் உங்களுக்குத் தேவையில்லை" என்றார். விற்க வந்தவர் வாயால் ஒரு குறையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அங்கேயே வாங்கினேன்.

டெலிவரி அன்று ஒரு கூத்து நடந்தது. வண்டியின் அடையாள எண் 17 எழுத்துகளும் எண்களும் சேர்ந்தது. முன் கண்ணாடிக்குக் கீழேயோ கதவுச் சட்டத்திலோ இருக்கும். அதை இன்வாய்ஸோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' என்று அடித்திருந்தார்கள். பில்லிங்கில் இருந்த பையன், "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்றான். ஒன்றே இல்லை. பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பக் கூடாது என்பதற்காகவே அந்த எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளும் வராது. ஆகவே 'ஓ' வந்தாலே அது தப்பான எண். இன்சூரன்ஸ் கிளெய்ம் சமயத்தில் அந்த ஒற்றை எழுத்துக்காக யார் அலைவது? திருத்தித் தர நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நேரத்தில் நான் டயர்களைப் பார்த்தேன். பக்கவாட்டில் கடைசியாக இருக்கும் நான்கு இலக்கம், தயாரித்த வாரமும் வருஷமும். 3417 என்றால் 2017-ம் ஆண்டின் 34-வது வாரம். நான்கும் ஒரே காலத்தவை, ஸ்பேர் மட்டும் சில வாரம் மூத்தது. அதில் தப்பில்லை, விட்டுவிட்டேன்.

இன்வாய்ஸில் இன்னொன்றும் இருந்தது. 'பாதுகாப்பு பேக்கேஜ்' என்று ஒரு வரி. நான் கேட்கவே இல்லை. அடிப்பாகக் கோட்டிங், பெயின்ட் பாலிஷ், இன்னும் ஏதேதோ. "எல்லாரும் போட்டுக்கறாங்க" என்றார்கள். எல்லாரும் போட்டுக்கொள்கிறார்கள் என்பது உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் யாரிடமும் கேட்பதில்லை. அந்த வரியையே நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள்.

நல்ல ஆளிடம் வாங்கினோம், சர்வீஸையும் அங்கேயே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அது தப்புக் கணக்கு. விற்கும் ஹாலும் பின்னால் இருக்கும் வொர்க்‌ஷாப்பும் ஒரே போர்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு தனித்தனிக் கடைகள். மேனேஜர் வேறு, டார்கெட் வேறு, சம்பளக் கணக்கும் வேறு. எனக்கு உண்மை பேசிய பெரியவர் வொர்க்‌ஷாப் பக்கம் வருவதே இல்லை. ஒன்றரை வருஷத்தில் வேலையை விட்டும் போய்விட்டார்.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு பட்டியல் நீட்டினார்கள். இஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநாசினி. 10,000 கிலோமீட்டரிலேயே. வண்டியோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவலில் இவற்றில் ஒன்றுகூட அந்தக் கட்டத்துக்கு எழுதப்படவில்லை. பக்கத்தைத் திறந்து காட்டியதும் பட்டியல் சுருங்கியது. வேடிக்கை என்னவென்றால், உண்மையிலேயே மாற்ற வேண்டிய பிரேக் ஃப்ளூயிடைப் பற்றி மூன்று வருஷம் வாயே திறக்கவில்லை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஃப்ளூயிட் கொதித்துக் குமிழி விட்டால், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பல கம்பெனிகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். வாசனை ஸ்பிரே அடிக்க ஆள் இருந்தது, இதற்கு இல்லை.

பிறகு அந்தச் சத்தம். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன் இடது பக்கம் 'டொக்' என்று ஒன்று. வேகமாகப் போனால் வராது. வாரண்டி முடிய நான்கு மாதம் இருந்தது. சர்வீஸ் அட்வைசரிடம் சொன்னேன். தலையாட்டினார். செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் எழுதினார். சாயங்காலம் வண்டி வந்தது, 'ஓகே' என்று. வீட்டுக்கு வரும் வழியில் முதல் வேகத்தடையிலேயே டொக்.

இதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகுதான் புரிந்தது. பெரும்பாலான வொர்க்‌ஷாப்களில் ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு இருக்கும். பில்லும் அந்தக் கணக்குப்படிதான், பல இடங்களில் மெக்கானிக்குக்கு வரும் காசும் அப்படித்தான். ஒரு மணி நேர வேலையை அரை மணியில் முடித்தால் அவருக்கு லாபம். ஆனால் எப்போதாவது வரும் ஒரு சத்தத்தைத் தேடி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது? வாரண்டி வேலை என்றால் கம்பெனி கொடுக்கும் நேரம் இன்னும் இறுக்கம். ஆக, 'பிரச்சினை இல்லை' என்று எழுதுவதுதான் அவருக்குக் கட்டுபடியாகும் பதில். மெக்கானிக்கைத் திட்டி என்ன பயன்?

இரண்டாவது தடவை போனபோது, ஜாப் கார்டின் என் பிரதியில் நானே பேனாவால் எழுதினேன்: 'முன் இடது பக்கம், வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது டொக் சத்தம். போன முறையும் சொன்னது.' அட்வைசரிடம் கையெழுத்து கேட்டேன். "இதெல்லாம் எதுக்கு மேடம், சிஸ்டத்துலயே இருக்கு" என்றார். சிஸ்டத்தைக் காட்டுங்கள் என்றேன். காட்டவில்லை, கையெழுத்துப் போட்டார். அன்றும் 'ஓகே' என்றே வந்தது. மறுநாள் போன்: "மேடம், கம்பெனியிலிருந்து கூப்பிடுவாங்க, பத்துக்குப் பத்து சொல்லுங்க. ஒன்பது சொன்னாக்கூட எனக்கு அடி." அந்தக் கெஞ்சலில் பொய் இல்லை, இந்த மார்க்கில்தான் பல டீலர்களின் போனஸ் தொங்குகிறது. ஆனால் சத்தத்தைத் தேடுவதைவிட மார்க்கைத் தேடுவது சுலபம் என்றாகிவிட்டதே. நான் நான்கு கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை.

வண்டி வாங்கிய இடத்தை விட்டு இன்னொரு டீலருக்கு மாறினேன். அதே கம்பெனிதான், வேறு டீலர். தூரம் அதிகம், சர்வீஸுக்குத் தேதி கிடைக்க பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், ரிசப்ஷனில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். முதல் பார்வையில் மோசமான இடம். நான் போய்ச் சேர்ந்தபோது வாரண்டி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அங்கிருந்த அட்வைசர் ஒரு பெண். சத்தம் என்றதும் கார்டை எடுக்காமல் சாவியைக் கேட்டார். "நீங்க ஓட்டுங்க, எங்க வருதுன்னு காட்டுங்க." ஒரு மெக்கானிக்கைப் பின் சீட்டில் உட்காரவைத்தார். மூன்றாவது வேகத்தடையில் டொக். மெக்கானிக் சிரித்துவிட்டார். திரும்பி வந்து லிஃப்டில் ஏற்றி, என்னையும் கீழே கூப்பிட்டு, சஸ்பென்ஷனில் இருக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் என்ற இணைப்புக் கம்பியைக் கையால் ஆட்டிக் காட்டினார்கள். அதன் மூட்டு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. சின்னப் பாகம், கண்டுபிடிக்க இருபது நிமிஷம்.

நான் கையால் எழுதிய ஜாப் கார்டை எடுத்துக் கொடுத்தேன். அட்வைசர் அதை இரண்டு முறை படித்தார். "தேதி வாரண்டிக்குள்ள இருக்கு. கம்பெனிக்கு எழுதிப் பாக்கறேன், உறுதி சொல்ல மாட்டேன்" என்றார். ஒன்பது நாள் கழித்து அனுமதி வந்தது. பாகமும் வேலையும் இலவசம். முதல் இடத்தில் ஒருவர் வேண்டாவெறுப்பாகப் போட்ட கையெழுத்து, இரண்டாவது இடத்தில் உதவியது. அன்றே அவர் அடையாள எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்து, கம்பெனி எப்போதோ அறிவித்திருந்த ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் என் வண்டிக்குப் போடப்படவே இல்லை என்றும் கண்டுபிடித்தார். கம்பெனி அதை அறிவித்த பிறகும் நான் இரண்டு முறை பழைய டீலரிடம் சர்வீஸுக்குப் போய் வந்திருந்தேன்.

பிரேக் பேடிலும் வித்தியாசம் தெரிந்தது. முன்பு, "எண்பது பர்சென்ட் தேஞ்சாச்சு, மாத்திடலாம்" என்றிருந்தார்கள். இங்கே கேஜ் வைத்து அளந்தார்கள்: 6 மில்லிமீட்டர். புதியது பொதுவாக 10 முதல் 12 வரை இருக்கும், 3-ஐ நெருங்கினால் மாற்ற வேண்டும். அளவைக் கார்டில் எழுதி, "அடுத்த சர்வீஸ்ல திரும்பப் பாக்கலாம்" என்றார்கள். அதே பேடில் இன்னும் 18,000 கிலோமீட்டர் ஓட்டினேன். பர்சென்ட்டில் பேசுகிறவர்களிடம் மில்லிமீட்டர் கேட்பது அன்றிலிருந்து என் பழக்கம்.

இந்த இடமும் தப்பு செய்யாமல் இல்லை. ஐந்தாவது வருஷம், மதியம் அந்த அட்வைசரிடமிருந்து போன். "வண்டியை வெளிய எடுக்கும்போது பின் கதவுல கோடு விழுந்துடுச்சு மேடம். எங்க ஆள் தப்பு. நீங்க வந்து பாத்துட்டுச் சொல்லுங்க." போய்ப் பார்த்தேன். சத்தியமாக, அவர் சொல்லாவிட்டால் நான் கவனித்திருக்க மாட்டேன். எழுத்தில் கொடுத்தார்கள், நான்கு நாளைக்கு மாற்று வண்டி தந்தார்கள், கதவை முழுசாகப் பெயின்ட் அடித்தார்கள். பெயின்ட் சரியாகப் பொருந்தவில்லை. நல்ல வெயிலில் சாய்ந்து பார்த்தால் அந்தக் கதவு மட்டும் ஒரு சாயல் வெளுப்பாகத் தெரியும். திரும்ப அடித்துத் தருகிறோம் என்றார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். தம்பி இன்றும் அதைச் சுட்டிக்காட்டுவான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். இவர்களிடம் லேபர் சார்ஜ் பழைய இடத்தைவிட அதிகம். எஸ்டிமேட்டைத் தாண்டினால் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள், ஆனால் அந்தப் போனை எடுக்கத் தவறினால் வண்டி அப்படியே மறுநாள் வரை நிற்கும். வாட்டர் வாஷ் சுமார் ரகம். பார்க்கிங் கிடையாது.

போன வாரம் கிளட்ச் லேசாக வழுக்குவது போல் தோன்றியது. மூன்றாவது கியரில் ஏற்றத்தில் இஞ்சின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை. போனில் சொன்னேன், நான் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டினார்கள். தேதி கிடைத்திருப்பது பன்னிரண்டு நாள் கழித்துத்தான்.