கிருஷ்ணகிரி எடை மேடைகள்: எதில் வண்டியை ஏற்றலாம், எதில் கூடாது

கிருஷ்ணகிரியைச் சுற்றி எடை மேடைக்குப் பஞ்சமில்லை. பெங்களூரு – சேலம் சாலை, சென்னைச் சாலை, ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலை, குப்பம் சாலை எல்லாம் கூடும் ஊர் இது. மாங்காய், புளி, மரவள்ளிக் கிழங்கு, கிரானைட் கல், ஜல்லி, எம்-சாண்ட் என எதை எடுத்தாலும் டன் கணக்கில்தான் நகர்கிறது. இங்கே எந்த மேடையின் பெயரையும் சொல்லவில்லை. வகை வகையாகத்தான் பார்க்கிறோம். ஒரே மேடை கோடை மழைக்கு முன் ஒரு எடையும் பின் ஒரு எடையும் காட்டக்கூடியது என்பதால், போர்டில் உள்ள பெயரைவிட மேடையின் நிலையைப் பார்க்கத் தெரிவதே வண்டிக்காரருக்கும் விவசாயிக்கும் உதவும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் தரைக்கு மேலே நிற்கும், 16 அல்லது 18 மீட்டர் நீளமுள்ள மேடைகளே முதல் தேர்வு. மாங்கூழ் தொழிற்சாலையும் மண்டியும் சொந்தமாக வைத்திருக்கும் மேடைகளைப் பயன்படுத்தலாம், ஆனால் போகும் வழியில் வெளி மேடையில் ஒரு முறை எடை போட்ட பிறகு. ஊருக்குள் குழிக்குள் இறங்கியிருக்கும் பழைய 9 மீட்டர் மேடைகளில் டிராக்டரையும் சின்ன வண்டியையும் ஏற்றலாம். பெரிய லாரிக்கும் கல் டிரெய்லருக்கும் அவை ஆகாது.

காரணம் மேடைக்குக் கீழே இருக்கிறது. இரும்புப் பலகையைத் தாங்கி நிற்பவை நான்கு, ஆறு அல்லது எட்டு லோடு செல்கள். ஒவ்வொன்றும் ஓர் எஃகுக் கட்டை. அதன் மேல் மெல்லிய கம்பிச் சுருள் போன்ற நான்கு திரிபுமானிகள் ஒட்டப்பட்டு, வீட்ஸ்டன் பிரிட்ஜ் என்ற சுற்றாக இணைக்கப்பட்டிருக்கும். இந்தச் சுற்றை 1833இல் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி உருவாக்கினார். 1843இல் சார்லஸ் வீட்ஸ்டன் அதைப் பரவலாக்கினார். பாரம் ஏறும்போது எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. இரண்டு திரிபுமானிகள் நீள, இரண்டு சுருங்க, அவற்றின் மின்தடை மாறி, சுற்றின் சமநிலை குலைந்து ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. அதைத்தான் அறைக்குள் இருக்கும் இண்டிகேட்டர் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது.

அந்த மின்னழுத்தம் எவ்வளவு சிறியது என்று பார்த்தால் எதை ஏன் கவனிக்க வேண்டும் என்பது புரியும். 30 டன் தாங்கும் செல்கள் ஆறு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 10 வோல்ட் கொடுத்தால் முழுப் பாரத்துக்கும், அதாவது 180 டன்னுக்கும், கிடைப்பது 20 மில்லிவோல்ட். 10 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு மைக்ரோவோல்ட். செல்களின் கேபிள்கள் எல்லாம் கூடும் ஜங்ஷன் பாக்ஸின் ரப்பர் வளையம் தளர்ந்து ஈரம் உள்ளே போனாலும், எலி கேபிளைக் கடித்துச் செம்பு தெரிந்தாலும், இந்த ஒரு மைக்ரோவோல்ட் தாராளமாகத் தடுமாறும். மே மாதத்து இடிமழை இங்கே மாங்காய்ப் பருவத்தோடுதான் வருகிறது. அந்த நாட்களில் காலி மேடையிலேயே எண்கள் 10, 20, 0, 10 என்று ஆடிக்கொண்டிருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த மேடைக்குப் போவதுதான் சரி.

குழி மேடைக்குக் குறைந்த மதிப்பெண் தருவதற்கும் இதுவே காரணம். குழியில் மழைநீர் தேங்கும், சேறு படியும். பலகைக்கும் குழிச் சுவருக்கும் நடுவே ஒரு ஜல்லிக்கல் சிக்கினால் போதும், பாரத்தின் ஒரு பங்கைச் சுவர் தாங்கிக்கொள்ளும். எடை குறைவாகக் காட்டும். விற்பவருக்கு அது நேரடி நட்டம். தரைக்கு மேலே நிற்கும் மேடையில் அடிப்புறம் வெளிச்சமாக இருக்கும். குனிந்து பார்த்தாலே கல், மண், செடி எது முட்டிக்கொண்டிருந்தாலும் தெரியும். அதற்கு விலையாக இரு பக்கமும் சாய்தளம் வேண்டும், இடம் அதிகம் பிடிக்கும். சாய்தளம் முடிந்து மேடை தொடங்கும் இடத்துக்கு முன் கொஞ்ச தூரமாவது சமதளம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வண்டி குதித்து ஏறி, செல்கள் நாளடைவில் இடம் நகர்ந்துவிடும்.

நீளம் அடுத்த பிரச்சினை. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து 9 மீட்டருக்குள் பெரும்பாலும் அடங்கும். பன்னிரண்டு சக்கர லாரி அடங்காது, கல் ஏற்றும் நீள டிரெய்லர் சுத்தமாக அடங்காது. அப்போது முன் சக்கரங்களை ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை ஏற்றி ஒரு எடை எடுத்துக் கூட்டிக்கொள்ளலாம் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். மேடையும் வெளித் தரையும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் பாரம் ஓர் அச்சிலிருந்து இன்னொன்றுக்குச் சாயும். பிரேக் பிடித்த நிலையில் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். இரண்டு அரை எடைகளையும் கூட்டினால் முழு எடை வராது, பிழை எந்தப் பக்கம் சாயும் என்றும் சொல்ல முடியாது.

கல்லுக்கு மட்டும் ஒரு கூடுதல் சோதனை வசதி உண்டு. சாம்பல் நிறக் கிரானைட் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 2.7 டன்; கறுப்புக் கல் 3 டன்னை ஒட்டி வரும். நீளம் 2.5, அகலம் 1.5, உயரம் 1.2 மீட்டர் என்றால் 4.5 கனமீட்டர், சாம்பல் கல்லானால் 12 டன்னுக்குச் சற்று மேல். சீட்டில் 10 என்றோ 14 என்றோ வந்தால் அளவிலோ எடையிலோ ஒன்று தப்பு. எம்-சாண்டுக்கு இந்த வசதி இல்லை. கழுவி ஈரம் வடியாமல் ஏற்றிய மணலில் 5 விழுக்காடு ஈரம் என்றால், 20 டன் லோடில் ஒரு டன் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். மேடை அங்கே சரியாகத்தான் காட்டும்.

இனி, எந்த மேடையிலும் செய்ய வேண்டியவை. வண்டி ஏறுவதற்கு முன் காலி மேடையில் இண்டிகேட்டர் 0 காட்டுகிறதா என்று வண்டிக்காரர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். நல்ல மேடைகளில் வெளியே பெரிய எண் பலகை வைத்திருக்கிறார்கள். அது இல்லாத இடத்தில் அறைக்குள் போய்ப் பார்க்கக் கேட்கலாம், மறுத்தால் அந்த இடம் வேண்டாம். அடுத்து, இரண்டு பேர் சேர்ந்து மேடையின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக நிற்கலாம். 130 கிலோ ஆட்கள் என்றால் எந்த மூலையில் நின்றாலும் 130ஐ ஒட்டியே காட்ட வேண்டும். ஒரு மூலையில் மட்டும் அசையாமல் 0 நின்றால் அங்கே பலகை எதிலோ முட்டிக்கொண்டிருக்கிறது. பாரம் ஏற்றிய லாரியை மேடையின் முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று இடத்தில் நிறுத்திப் பார்ப்பது இதைவிட நல்ல சோதனை. 10 கிலோ படி உள்ள, அதாவது எண்கள் பத்துப் பத்து கிலோவாக மாறும் மேடையில் இந்த மூன்றும் 20 கிலோவுக்கு மேல் விலகினால் நம்பாதீர்கள். எடை பதிவாகும்போது இன்ஜினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, ஆட்கள் இறங்கிவிட வேண்டும்.

சட்டம் எவ்வளவு பிழையை அனுமதிக்கிறது? லாரி மேடைகள் மூன்றாம் துல்லிய வகுப்பைச் சேர்ந்தவை. படி 10 கிலோ என்றால், மேடையைச் சோதித்து முத்திரையிடும்போது 5 டன் வரை 5 கிலோ, 5 முதல் 20 டன் வரை 10 கிலோ, அதற்கு மேல் 15 கிலோ கூடவோ குறையவோ இருக்கலாம். பயன்பாட்டில் இருக்கும் மேடைக்கு இதில் இரு மடங்கு. ஆகவே 16 டன் லாரியில் 20 கிலோ விலகல் குற்றமல்ல. 100 கிலோ விலகல் நிச்சயம் கோளாறு. 200 கிலோவுக்குக் குறைந்த எதையும் இந்த மேடையில் நிறுத்து விற்கக் கூடாது. நான்கு மூட்டைப் புளிக்கு லாரி மேடை எடுபடாது. பிளாட்பாரத் தராசுதான் வேண்டும்.

இதிலிருந்து வருவதுதான் நாங்கள் மிகவும் வலியுறுத்தும் ஒரே விஷயம்: லோடு எடையும் காலி எடையும் ஒரே மேடையில், ஒரே நாளில் எடுங்கள். மேடை 20 கிலோ கூட்டிக் காட்டினாலும் காலி எடையிலும் அதே பக்கம்தான் காட்டும்; கழிக்கும்போது பெரும்பகுதி அடிபட்டுப் போகும். லோடு எடை ஒரு மேடையிலும் காலி எடை வேறு மேடையிலும் என்றால் பிழைகள் எதிரெதிராக நின்று கூடிவிடும். வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள காலி எடையையோ போன மாதச் சீட்டையோ வைத்துக் கழிப்பது இன்னும் மோசம். 200 லிட்டர் டீசல் ஏறக்குறைய 165 கிலோ. ஸ்டெப்னி, தார்ப்பாய், கயிறு, ஓட்டுநர், கிளீனர் என எது லோடு எடையில் இருந்ததோ அது காலி எடையிலும் இருக்க வேண்டும். மழையில் நனைந்த தார்ப்பாயைக் காலி எடைக்கு முன் இறக்கிவிடாதீர்கள்.

மாங்காய்க்கு இதில் ஒரு கண்ணி உண்டு. பெங்களூரா கூழுக்குப் போகும்போது பெரும்பாலும் கொட்டி ஏற்றுவார்கள், அதில் சிக்கல் இல்லை. செந்தூரா, அல்போன்சா போன்றவை பிளாஸ்டிக் கிரேட்டில் போகும். காலி கிரேட் ஒன்று ஒன்றரை முதல் இரண்டு கிலோ. 300 கிரேட் என்றால் 450 முதல் 600 கிலோ. அந்தக் கிரேட்டுகளை வண்டியிலேயே திருப்பி ஏற்றிய பிறகுதான் காலி எடை எடுக்க வேண்டும். கிரேட்டை மண்டியிலேயே விட்டு வந்தால் வாங்குபவருக்கு நட்டம். கிரேட்டுக்கு இத்தனை கிலோ என்று மொத்தமாகக் கழித்தால் பெரும்பாலும் விற்பவருக்கு நட்டம்.

தொழிற்சாலை, மண்டி மேடைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அங்கே மேடைகள் பெரும்பாலும் புதியவை, நீளமானவை, கேமரா படத்தோடு சீட்டு அச்சாகிறது. கருவியைப் பொறுத்தவரை நன்று. குறை சீட்டில்தான் வரும். அழுகல், காம்பு, சிறு காய் என்று கழிவு பிடிப்பது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான பேச்சு. அது எடைச் சீட்டின் நிகர எடைக்குள் நுழையக் கூடாது. வண்டி எண், வரிசை எண், தேதி, இரண்டு எடைகளும் எடுத்த நேரம், மொத்த எடை, காலி எடை, நிகர எடை ஆகியவை அச்சில் இருக்க வேண்டும். கழிவை வேறு தாளில் எழுதட்டும். கையால் எழுதிய எண் உள்ள சீட்டை எடைச் சீட்டாக ஏற்காதீர்கள். வெயிலில் வரிசையில் நின்ற காய் ஈரம் இழந்து எடை குறையும் என்பதால், நுழைந்த நேரத்துக்கும் எடை போட்ட நேரத்துக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அதுவும் கணக்கில் வர வேண்டியதுதான்.

சாலையோர மேடைகளின் இன்னொரு பயன், ஓவர்லோடு தெரிந்துவிடுவது. இரண்டு அச்சு லாரிக்கு மொத்த எடை 18.5 டன், மூன்று அச்சுக்கு 28.5 டன் வரம்பு. தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000 ரூபாய், மிகுதியை அங்கேயே இறக்கவும் வேண்டும். சேலம் பக்கம் போகிற வண்டி தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும்; அந்த இறக்கத்தில் கூடுதல் இரண்டு டன் பிரேக்கை என்ன செய்யும் என்பது அந்தச் சாலையில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். புறப்படும் முன் எடை போடும் செலவு இதற்கு முன் ஒன்றுமே இல்லை. கட்டணம் கேட்கும்போது அது ஒரு எடைக்கா, காலி எடையும் சேர்த்தா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முத்திரையைப் பார்க்காமல் இறங்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை மேடையைச் சோதித்து முத்திரையிட வேண்டும். சான்றிதழை ஆள் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். முத்திரையில் ஆண்டோடு ஏ, பி, சி, டி என்ற எழுத்து ஒன்று இருக்கும். ஜனவரி முதல் மூன்று மூன்று மாதமாகக் காலாண்டைக் குறிக்கும். இண்டிகேட்டரிலும் ஜங்ஷன் பாக்ஸிலும் ஈய முத்திரை அறுந்திருந்தால், உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள். பழுது பார்த்ததாகவே இருக்கலாம், ஆனால் மறுமுத்திரை இல்லாமல் அந்த மேடை வியாபாரத்துக்கு ஆகாது. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு. புகார் கொடுப்பதானால் இரண்டு மேடைகளின் அச்சுச் சீட்டும், அதே லோடுக்கு, அதே நாளில், சில மணி நேர இடைவெளிக்குள் எடுத்ததாக இணைத்துக் கொடுங்கள்.